ஸ்பீக்கர் பழுதுபார்ப்பவர் ஸ்பீக்கர் வடிவமைப்பாளராக முடியாதா?

தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் 1,465 கோடி டாலரை எட்டியது. நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் இது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. பெருமைப்பட வேண்டிய வளர்ச்சிதான். ஆனால், ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் அந்தப் பொருள்களைப் பாகம் பாகமாக இணைக்கும் இருபது வயதுப் பெண், முப்பது வயதில் என்னவாக இருப்பார் என்று கேட்டால் அரசிடமும் தெளிவான பதில் இல்லை, நிறுவனங்களிடமும் இல்லை.

இந்தக் கேள்வியை நாம் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டிருக்கிறோம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிராமங்களிலிருந்து வேனில் ஏறி வேலைக்குப் போன இளம்பெண்களால் பல குடும்பங்கள் நிமிர்ந்தன. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினர். எட்டு ஆண்டுகள் கைப்பேசி செய்தவர்களில் எத்தனை பேரால் ஒரு கைப்பேசியின் சர்க்யூட்டைப் படிக்க முடிந்திருக்கும்? அதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குறிப்பிட்ட திருகை, குறிப்பிட்ட விநாடிக்குள், குறிப்பிட்ட இடத்தில் முடுக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் பேரம் பேச முடியாது.

மின்னணுத் துறையில் ஒருவர் படிப்படியாக மேலேறும் பாதையை அமைக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? கைப்பேசிச் சில்லு வடிவமைப்பிலிருந்து என்று பலரும் சொல்வார்கள். அதற்குப் பெரும் மூலதனமும் நீண்ட காலமும் வேண்டும். ஒலிக்கருவித் துறையிலிருந்து தொடங்கலாம் என்பது என் வாதம். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஹெட்போன், கார் ஆடியோ, அரங்க ஒலியமைப்பு எல்லாம் இதில் அடங்கும். இதற்கு வேண்டிய கைத்திறன் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. முதலீடு குறைவு. சிறியவர்களும் நுழைய இடமிருக்கிறது.

பழுதுபார்த்தவர்கள் கட்டிய துறை

இந்தத் துறையின் பெரிய மனிதர்களில் சிலர் ரேடியோ ரிப்பேரிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, குண்டுவீச்சில் சிதைந்த டோக்கியோவில் மசாரு இபுகா தொடங்கியது ரேடியோ பழுதுபார்க்கும் கடை. 1946இல் அகியோ மொரிட்டாவும் சேர, அது நிறுவனமானது. அதுதான் பின்னாளில் சோனி. 1979இல் வாக்மேனைக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம்தான்.

போஸ் நிறுவனத்தின் அமர் போஸ் வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர். தந்தையின் தொழில் போர்க்காலத்தில் நொடித்தபோது, பதின்ம வயதுப் பையன் வீட்டிலேயே ரேடியோ பழுதுபார்த்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார். பிறகு எம்.ஐ.டி.யில் படித்து, அங்கேயே பேராசிரியராகி, 1964இல் நிறுவனம் கண்டார். கையில் சால்டரிங் அயர்ன் பிடித்த காலமும் கணிதம் படித்த காலமும் சேர்ந்துதான் அவரை உருவாக்கின. ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவர் நல்ல மெக்கானிக்காகவோ நல்ல பேராசிரியராகவோ நின்றிருப்பார்.

ரே டால்பி பள்ளி மாணவராக இருந்தபோதே ஆம்பெக்ஸ் என்ற ஒலிப்பதிவுக் கருவி நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்குப் போனவர். வீடியோ டேப் ரெக்கார்டரை உருவாக்கிய குழுவில் பின்னர் பங்காற்றினார். 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றிவிட்டு, லண்டன் சென்று டால்பி ஆய்வகத்தைத் தொடங்கினார். நம் திரையரங்குகளின் வாசலில் எழுதியிருக்கும் பெயர் அவருடையதுதான்.

இபுகா, போஸ், டால்பி மூவரிடமும் மேதைமை இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்கும் படிப்புக்கும் நடுவே அவர்கள் நடந்துபோக ஒரு வழியும் இருந்தது. நம் ஊரில் அந்த வழிதான் இல்லை.

நம்மிடம் இருப்பது

தமிழ்நாட்டில் சவுண்ட் சர்வீஸ் இல்லாத ஊர் அரிது. கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என எதுவானாலும் மைக் செட்காரர் வந்தாக வேண்டும். அந்தக் கடைகளிலும் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவின் சிறு கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள் 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசியில் தொடங்கி, எஸ்.டி.கே., 7294 ஐசிகள் என்று ஏறி, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடிகளை வரிசையாக அடுக்கிப் பெரிய ஆம்ப் கட்டும் அளவுக்குத் தேறியவர்கள். வீட்டு 5.1 ஆம்ப்ளிஃபயரை அசெம்பிள் செய்து விற்பது இங்கே ஒரு குடிசைத் தொழில். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பலர், எரிந்த போர்டைப் பார்த்த மாத்திரத்தில் எது போயிருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் நான் பார்த்தது இது. புரட்டாசி மாதம்; கல்யாணம் இல்லாததால் கடையில் ரிப்பேர் வேலை மட்டும்தான். கடைக்கார அண்ணன் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கவிழ்த்து, எரிந்த காயிலை எடுத்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொண்டிருந்தார். காயில் காந்தத்தின் சந்துக்குள் எங்கும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். அதற்காகப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுற்றிலும் சொருகினார். பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அழுத்தி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை விரலாலும் காதாலும் அளந்த வேலை அது.

“பாக்ஸ் அளவு எப்படிண்ணே போடுறீங்க?” என்று கேட்டேன். “எங்க மாஸ்டர் போட்ட அளவு தம்பி. அவருக்கு அவர் மாஸ்டர் சொன்னது. பதினஞ்சு இஞ்சுனா இதான்” என்றார். அந்தப் பதிலில்தான் நம் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

விடுபட்ட ஒரு படி

எல்லாப் பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் இயல்பாக அதிரும் ஒரு அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பது இன்னொரு கணக்கு. கோனைத் தாங்கும் சஸ்பென்ஷனின் விறைப்பு எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்பது மூன்றாவது. இந்த மூன்று எண்களும் தெரிந்தால் பெட்டி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும், காற்றுத் துளைக் குழாய் எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். தெரியாவிட்டால், விலையுயர்ந்த ஸ்பீக்கரும் தப்பான பெட்டிக்குள் உட்கார்ந்து மொத்தையாக உறுமும்.

இந்தக் கணக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தது. நெவில் தீல் என்ற பொறியாளர் 1961இல் அடிப்படையை வகுத்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். பின்னாளில் இங்கிலாந்தின் கெஃப், அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனங்களில் அவர் பணியாற்றினார். இன்று உலகம் முழுவதும் ஸ்பீக்கர் பெட்டி வடிவமைப்பு இவ்விருவர் பெயரால் அழைக்கப்படும் எண்களை வைத்துத்தான் நடக்கிறது.

அளப்பதற்குப் பெரிய கூடம் தேவையில்லை. ஒரு லேப்டாப், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், இலவச மென்பொருள் போதும். முதலில் ஸ்பீக்கரை வெறுமனே அளக்க வேண்டும். பிறகு எடை தெரிந்த சில நாணயங்களைக் கோனின் மேல் ஒட்டி மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டு அளவுகளையும் கோனின் விட்டத்தையும் கொண்டு மூன்று எண்களையும் கணக்கிட்டுவிடலாம். ஒரு மதிய வேலை. காயில் மாற்றத் தெரிந்தவருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் ஆகாது. ஆனாலும் அந்த ஒரு வாரப் பாடம் நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இல்லை, பாலிடெக்னிக்கிலும் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் முடித்த மாணவரும் ஆம்ப்ளிஃபயரைத் தாளில் வரைவார். அதன் மறுமுனையில் இருக்கும் ஸ்பீக்கரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அளவீடு இல்லாத இடத்தில் பொய் எண்கள் புகுந்துவிடும். சில பத்து வாட் மட்டுமே தரும் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத் திறன்) வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பது பல காலமாக நடக்கிறது. டூப்ளிகேட் டிரான்சிஸ்டர்களும் அப்படித்தான் சந்தையில் உலவுகின்றன. நேர்மையாகச் செய்பவரின் ஆம்புக்கும் ஸ்டிக்கர் ஆம்புக்கும் வேறுபாட்டைக் காட்ட வாங்குபவரிடமும் கருவி இல்லை, விற்பவரிடமும் இல்லை. நட்டப்படுவது நேர்மையானவர்தான்.

இந்த அறியாமையின் பாதிப்பு ஊர்மக்களுக்கும் உண்டு. திருவிழா ஒலிபெருக்கி பற்றிய சண்டை ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் தடை என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஒலியின் கோணத்தை அறிந்த தொழில்நுட்பர், கூட்டத்துக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும்படி ஸ்பீக்கரைத் தூக்கி, சாய்த்துக் கட்டுவார். அறியாதவர் வால்யூமைக் கூட்டுவார். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் கடைப் பையனின் காதுதான் முதலில் பழுதாகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது பல நாடுகள் பின்பற்றும் கணக்கு. காதை முதலாக வைத்துப் பிழைக்க வேண்டிய துறைக்கு வருகிறவர்களுக்கு, காதுக்கு அடைப்பான் மாட்டிக்கொள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பதில்லை.

வேலை எங்கே இருக்கிறது?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. முதலில் கார்களைப் பாருங்கள். செங்கல்பட்டு மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவான எக்ஸ்.யு.வி. 700இல் சோனியின் 12 ஸ்பீக்கர்கள் இருந்தன. மகிந்திராவின் புதிய மின்சாரக் கார்களில் ஹார்மன் கார்டனின் 16 ஸ்பீக்கர்கள், டால்பி அட்மாஸ். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கார்கள் சிலவற்றில் போஸ். ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது காருக்குள் உட்கார்ந்து, அளந்து, கேட்டு, தாமதமும் அளவும் சரிசெய்து ஒலியைப் பதப்படுத்தியாக வேண்டும். கார் நம் ஊரில் உருவாகிறது. ஒலி நிறுவனத்தின் பெயர் வெளியிலிருந்து வருகிறது. அந்த வேலைக்கு நம் பிள்ளைகளைத் தயார்செய்யும் படிப்பு இங்கே இல்லை.

ஒலிச்சமிக்ஞைக்கான நிரல் எழுதுவோர், தரப் பரிசோதகர், கூட்ட அரங்கு, தியேட்டர், மருத்துவமனை, மெட்ரோ நிலையம் போன்ற இடங்களுக்கு ஒலியமைப்பு செய்வோர், பெரிய இசை நிகழ்ச்சிகளில் சிஸ்டம் எஞ்சினியர் என்று கிளைகள் பல. கேட்கும் கருவிகள் சார்ந்த பணியும் இதற்கு நெருங்கிய உறவுதான். முதியோர் பெருகும் மாநிலத்தில் அது வளரவே செய்யும்.

உயர்தர ஆடியோ என்ற தனி உலகம் இன்னொன்று. லட்சங்களில் விற்கும் ஸ்பீக்கர்களின் விலையில் பாகங்களின் செலவு சிறு பங்குதான். கடை விலை அதன் நான்கைந்து மடங்கு என்பது தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி வடிவமைப்புக்கும் மரவேலைக்கும் பெயருக்கும் விற்பனைக்கும். கொல்கத்தாவின் சோனோடைன் 1970 முதல் இந்தத் தொழிலில் நிற்கிறது. கொச்சியில் ஒரு கட்டடக் கலைஞர் தொடங்கிய ரெத்ம் (Rethm) ஸ்பீக்கர்கள் வெளிநாட்டு ஆடியோ கண்காட்சிகளில் இடம்பிடித்திருக்கின்றன. நல்ல தச்சர்களும் மின்னணுக் கைகளும் நிறைந்த தமிழ்நாட்டிலிருந்து அப்படியொரு பெயர் உலகச் சந்தையில் எழவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உயர்தர ஆடியோ சிறிய சந்தை. லட்சக்கணக்கானோருக்கு அது வேலை தராது. ஸ்பீக்கர் செய்து கோடீஸ்வரராகலாம் என்று எந்தப் பிள்ளையையும் நம்பவைக்கக் கூடாது. ஆனால், அந்தச் சிறிய சந்தைக்குத் தயாராகும் ஒருவர் கற்கும் அளவீடு, சர்க்யூட், நிரல், இயந்திர அதிர்வு ஆகியவற்றுக்குக் கார், கைப்பேசி, மருத்துவக் கருவி என எல்லா ஆலைகளிலும் மதிப்பு உண்டு. ஓர் ஆலை மூடினாலும் அவர் இன்னொரு கதவைத் தட்டலாம்.

பழுதுபார்க்கும் உரிமை

இந்தப் பாதையின் முதல் படியே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றின் மூடியைக் கழற்றினால் உள்ளே சர்க்யூட் வரைபடம் ஒட்டியிருக்கும். இன்றைய வயர்லெஸ் இயர்பட்ஸ் பெரும்பாலும் பசையால் மூடப்பட்டவை. பேட்டரி சோர்ந்தால் குப்பைதான். சவுண்ட்பாரில் ஒரு சிறு பாகம் போனாலும் முழு போர்டையே மாற்று என்கிறார்கள். கடைக்காரருக்குப் பிழைப்பு போகிறது என்பது ஒரு பக்கம். அடுத்த தலைமுறை திறந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பே போகிறது என்பது அதைவிடப் பெரிய இழப்பு.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. எந்தப் பொருளை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் தரும் திட்டம் பற்றிய குழுவின் அறிக்கை 2025 மே மாதம் அளிக்கப்பட்டது. முதல் கட்டத்தில் கைப்பேசியும் டேப்லெட்டும்தான். ஒலிக்கருவிகளும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

என்ன செய்யலாம்?

தரமணியில் அரசு மத்திய பாலிடெக்னிக் இருக்கிறது. அதையொட்டியே ஒலிப்பதிவைப் பாடமாகச் சொல்லித்தரும் எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மின்காந்தக் குறுக்கீட்டைச் சோதிக்கும் மத்திய அரசின் சமீர் ஆய்வகமும் அதே பகுதியில்தான். கருவி செய்யக் கற்பவர், கருவியால் ஒலி பதியக் கற்பவர், கருவியைச் சோதித்துச் சான்று தருபவர் என மூன்று தரப்பும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மூவரையும் இணைத்து ஒலிக்கருவி அளவீட்டு ஆய்வகம் ஒன்றை அங்கே தொடங்கலாம். மதுரை, கோவை பாலிடெக்னிக்குகளில் அதன் கிளைகள் வரலாம். அளவீட்டு மைக், ஆஸிலோஸ்கோப், எல்.சி.ஆர். மீட்டர், ஒலித் தடுப்பு செய்த ஓர் அறை இருந்தால் வேலை தொடங்கிவிடும். நிபந்தனை ஒன்றுதான்: சனி, ஞாயிறுகளில் சேர்க்கை எண் கேட்காமல் தொழிலாளர்களுக்கு அது திறந்திருக்க வேண்டும்.

ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஏணியின் கால்கள் ஏற்கெனவே ஊன்றியிருக்கின்றன. சவுண்ட் சர்வீஸில் பத்து ஆண்டு வேலை பார்த்தவர் அந்த முதல் கட்டையில் கால்வைக்கத்தான் வழியில்லை. அவருடைய அனுபவத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகார முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் உண்டு. அதில் ஒலிக்கருவித் தொழிலைத் தனிப் பிரிவாகச் சேர்த்து, தேர்வைத் தமிழிலேயே நடத்தலாம்.

மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஒலிப் பொறியியலுக்கு ஒரு பருவப் பாடம் வேண்டும். மாணவர் ஒரு ஸ்பீக்கரை அளந்து, பெட்டி கட்டி, மறுபடி அளந்து, இரண்டு வரைபடங்களையும் ஒப்படைத்தால்தான் தேர்ச்சி என்று வைக்கலாம். அந்த இரண்டு தாள்களும் வேலைக்கான நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

மின்னணுப் பாக உற்பத்திக்கு மத்திய அரசு 2025இல் ரூ.22,919 கோடித் திட்டத்தை அறிவித்தது. அதற்கு இணையாகத் தமிழ்நாடும் தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மானியம் பெறும் ஆலைகளிடம் அரசு ஒன்றைக் கேட்கலாம். அசெம்பிளி வரிசையில் இரண்டு ஆண்டு முடித்தவர்களில் ஒரு பகுதியினரைச் சம்பளத்துடன் பகுதிநேர டிப்ளமோவுக்கு அனுப்ப வேண்டும்; முடித்து வந்தால் சோதனைப் பிரிவிலோ பராமரிப்பிலோ பணி தர வேண்டும். ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப வகுப்பும் விடுதிக்குப் பேருந்தும் இல்லாமல் பெண்களால் இதைப் பயன்படுத்த முடியாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

சிறு உற்பத்தியாளர்களுக்குச் சோதனைக் கட்டணமே பெரும் சுமை. ஒலிக்கருவிகள் சிலவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம். ஒரு மாடலுக்கு ஆகும் செலவைக் கேட்டே பலர் பெயரில்லாத பெட்டியாக விற்றுவிட்டுப் போகிறார்கள். முதல் இரண்டு மாடல்களுக்கான சோதனைச் செலவில் பாதியை அரசு ஏற்றால், ஸ்டிக்கர் வாட்ஸ் போடாமல் உண்மையான வாட்ஸ் எண்ணோடு ஊர்ப் பெயர் தாங்கிய ஆம்ப்ளிஃபயர்கள் கடைக்கு வரும்.

இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் இன்றைய மாணவர்கள். முதலில் பற்றவைக்கவும் மல்டிமீட்டரில் அளக்கவும் கைபழக வேண்டும். பிறகு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரை ஐசியின் டேட்டாஷீட்டைப் படித்தே கட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் இடறினால் ஆசிரியரை உட்கார்த்திவைத்துப் படிக்க வேண்டும். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே கணிதம் கல்லூரியில் வரும்போது அதைத் தேர்வுக்கான பாடமாக ஒதுக்கிவிடக் கூடாது. இந்தத் துறையின் அன்றாடப் பேச்சே அதுதான். நிரல் எழுத ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போனால் பக்கத்து சவுண்ட் சர்வீஸ் கடையில் ஒரு மாதம் உட்காரலாம். அண்ணனிடம் காயில் இறக்கக் கற்றுக்கொண்டு, அவருக்கு நாணயம் வைத்து அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம்.